படுதாவை எந்தப் பக்கமிருந்து வெட்டுவது

கார்த்தி, வாணி, இது உங்கள் இருவருக்கும். பட்டறையில் உங்களோடு நிற்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கலாம்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள். போடிமெட்டிலிருந்து கேரவன் வண்டிக்காரர் ஒருவர் போன் பண்ணியிருந்தார். வண்டியின் பக்கவாட்டில் சுவிட்ச் போட்டால் நீளுகிற படுதா, நீண்டபடியே நின்றுவிட்டது, உள்ளே போக மாட்டேன் என்கிறது என்றார். கார்த்தி மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாம் என்றான். வாணி, அறுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கீழே இறக்கச் சொல்லு, மற்றதைப் பட்டறையில் பார்க்கலாம் என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் கை கழுவப் போய்விட்டேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இந்தப் புது வண்டி சமாச்சாரம் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள்.

தெரியும். ஒரே ஒரு தடவை அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். பெருமாள் மாமா கடைசியாக மலைக்குப் போனாரே, அந்தத் தடவை. அவர் எப்படிச் செத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் மலையில் நடந்தது தெரியாது. எழுதலாமா என்று அவர் மகள் மாலதியிடம் போனில் கேட்டேன். "எழுதுங்க மாமா" என்றாள். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் வாணி திருத்திக்கொள்ளட்டும்.

பெருமாளைத் தெரியாத பிள்ளைகளுக்காக முதலில் அவனைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பு டிரைவர். விடியற்காலையில் சிலமலையிலும் போடியிலும் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போவான். ஆட்களை இறக்கிவிட்டு, கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு கீழே வந்துவிடுவான். சாயங்காலம் மறுபடி போய்க் கூட்டி வருவான். வாழ்நாள் பூராவும் இதே சோலி. எனக்கு அவன் மாப்ளே, அவனுக்கு நான் மச்சான். அவன் ஜீப்புக்கு லைட்டு, ஹாரன், டைனமோ எல்லாம் நான்தான் பார்த்தேன். "நீ கை வச்சா ஹாரன் மட்டும் நல்லா அடிக்கும் மச்சான். வண்டி நிக்காது, லைட்டு எரியாது, ஹாரன் அடிக்கும்" என்று பட்டறை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லுவான்.

அவன் பொண்டாட்டி பேச்சியம்மாளும் அதே ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். முன் சீட்டில் அவன் பக்கத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மற்றப் பொம்பளைகள் கேலி பண்ணுவார்கள் என்று பின்னால்தான் ஏறுவாள். மத்தியானம் அவளும் அவள் கூட்டமும் தோட்டத்தில் தூக்குவாளியைத் திறக்கிற நேரத்தில் இவன் போடியில் ஸ்டாண்டில் நிற்பான். அவள் செத்துப்போன பிறகு டீக்கடையில் ஒருநாள் சொன்னான். "அம்புட்டு வருசம் ஒரே வண்டில ஏறி ஒரே வண்டில இறங்குனோம் மச்சான். மேல ஒரு நாளு மத்தியானச் சோறு சேந்து திங்கல."

பிறகு அவனுக்கு நெஞ்சு போய்விட்டது. நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக வீட்டிலேயே கிடந்தான். மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்டு போனால் சின்ன சிலிண்டர் ஒன்று வைத்திருந்தார்கள். அவன் மகள் மாலதி கோயமுத்தூரில் வேலை பார்த்தாள். அப்பனுக்கு ஒரே பிள்ளை. என்ன வேணும்ப்பா, என்ன வேணும்ப்பா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவன் ஒன்றும் வேண்டாம் என்பான். கடைசியில் ஒருநாள், பேச்சியம்மாள் வேலை பார்த்த அந்தத் தோட்டத்தில் போய் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வரணும் என்றான்.

டாக்டர் போகக்கூடாது என்றார். மேலே போனால் காற்று மெலிசு, இவனுக்குத் தாங்காது என்றார். மாலதி அழுதுபார்த்தாள், அவன் கேட்கவில்லை. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேரவன் ஒன்றை டிரைவரோடு வாடகைக்குப் பிடித்தாள். உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கிற வண்டி. அதில் தனியாகப் பெரிய பேட்டரி இருந்தது, மெஷினை அதில் ஓட்டலாம். சாயங்காலம் போய் அங்கேயே தங்கி, மறுநாள் பகல் இருந்துவிட்டு இறங்குவது என்று ஏற்பாடு. தோட்டத்துக்காரரிடம் கேட்டு, ஏலக்காய் காய வைக்கிற களத்தில் வண்டியை நிறுத்த அனுமதியும் வாங்கிவிட்டாள்.

அவள் செய்ததில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது.

அவர்கள் மேலே போன மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது. மாலதிதான். "மாமா, படுதா மாட்டிக்கிச்சு. வண்டியை எடுக்க முடியல. வெரசா வாங்க." அதோடு லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. காய் மூட்டை ஏற்ற மேலே போகிற ஜீப்பு ஒன்று ஸ்டாண்டில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு அதில் தொற்றினேன். களத்து முனையில் என்னை இறக்கிவிட்டு அது உள்தோட்டத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம்தான் திரும்பும்.

களத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பனி அப்போதுதான் விலகுகிறது. வெள்ளை வண்டி, அதன் இடது பக்கம் முழு நீளத்துக்கும் படுதா வெளியே நீண்டிருக்கிறது. துணியைத் தாங்குகிற முன்பக்கத்து இரும்புக் கை நடு மூட்டில் முறுக்கிக்கொண்டு, துணி ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. நடுவில் முட்டுக்கொடுத்த ஒரு கம்பு. ஒரு மூலையில் நைலான் கயிறு, அறுந்த முனையோடு தொங்குகிறது. இன்னொரு மூலைக் கயிறு இன்னும் சவுக்கு மரத்தில் கட்டியபடியே இருக்கிறது.

அந்தக் கம்பைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நம்ம மலையில் படுதா என்றால் காய் காயப்போட்ட இடத்தில் மழைக்குக் கட்டுகிற படுதா. தண்ணீர் தேங்கினால் நடுவில் கம்பு கொடுக்கணும், காற்றடித்தால் மூலைக்கு மூலை மரத்தில் இழுத்துக் கட்டணும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோட்டத்து வாட்ச்மேன் மாடசாமி அதைத்தான் செய்திருக்கிறார்.

"ராத்திரி நல்ல மழைண்ணே" என்று என்னிடம் ஓடிவந்து சொன்னார். "துணி மேல தண்ணி குளமா நின்னுச்சு. கிழிஞ்சிருமேன்னு கம்பு குடுத்தேன். காத்தும் புடிச்சுச்சு, அதான் கட்டி வச்சேன். உள்ள சீக்காளி படுத்திருக்காரு, எழுப்ப வேணாம்னு பாத்தேன். எந்தா செய்யறது."

"நான் அந்தக் கயித்தைப் பார்க்கலைங்க" என்றார் டிரைவர். கோயமுத்தூர்க்காரர், நடுத்தர வயது, மரியாதையான மனுசன். "காலைல பனி மூடியிருந்துச்சுங்க. சுவிட்சைப் போட்டேன். டமார்னு ஒரு சத்தங்க. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அசையலைங்க."

திருப்பித் திருப்பிப் போட்டதுதான் பெரிய கெடுதல். கட்டிப்போட்ட துணியை இழுக்க மோட்டார் மல்லுக்கட்டியிருக்கிறது. அது குடித்த கரண்டில் பேட்டரி இறங்கி, உள்ளே ஆக்சிஜன் மெஷின் பீப் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. மாலதி சிலிண்டரை மாட்டியிருக்கிறாள். டிரைவர் இஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி ஏறி, மெஷின் திரும்ப ஓடுவதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருந்தாள். அது வேறு ஒரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள்.

ஆக நிலைமை இதுதான். பெருமாளுக்கு மூச்சு நேற்றை விட மோசமாகிவிட்டது. கீழே இறக்கியாக வேண்டும். மெஷினோடுதான் இறக்க முடியும். மெஷின் ஓடுகிற ஒரே வண்டி இந்தக் கேரவன். படுதா இப்படி நீட்டிக்கொண்டிருக்கும்வரை கேரவன் களத்தை விட்டே நகராது, கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ்சு வந்தால் எங்கே ஒதுங்குவது?

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, எந்த வண்டியிலும் கை வைக்கிறதுக்கு முன்னால் அந்த லைனில் வேறு என்ன ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுவார். அன்றைக்கு அந்த லைனில் பெருமாளின் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. முதல் வேலையாகப் படுதா மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இனி சுவிட்ச் வேலை செய்யாதுங்களே" என்றார் டிரைவர்.

"செய்யக் கூடாதுன்னுதாங்க."

கிரைண்டர் எடுத்து இரும்பை அறுக்கலாமா என்று கேட்டார். அதற்கும் அதே பேட்டரிதான். கையால் செய்யக்கூடிய வேலை மட்டும்தான் அன்றைக்கு வேலை.

படுதாவுக்குக் கீழே, வண்டிக் கதவுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் பெருமாள் உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து குழாய் நீண்டு வந்து அவன் மூக்கில் நின்றது. உள்ளே படு என்று மாலதி எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிரே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரிவு முழுக்க ஏலச்செடி. அந்தச் சரிவில்தான் பேச்சியம்மாள் காயெடுத்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. நகமும்.

"வந்துட்டியா" என்றான். ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். "ஹாரன்... மாட்டவா?"

"ஆமா. ரெண்டு மாட்டலாம்னு வந்தேன்" என்றேன்.

துணியையும் கையையும் மோட்டாரையும் சுற்றிப் பார்த்தேன். வழி இரண்டு இருந்தது. ஒன்று, மேலே மோட்டார் பெட்டியைப் பிரித்து, பல்சக்கரத்தை விடுவித்து, முறுக்கின கையை நிமிர்த்தி, துணியைக் கையாலேயே சுற்றி உள்ளே அனுப்புவது. படுதா பிழைக்கும். ஆனால் பொழுது சாய்ந்துவிடும். இரண்டாவது, துணியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு கையையும் போல்ட்டோடு கழற்றிவிடுவது. படுதா போச்சு. ஆனால் உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரத்தில், கொஞ்சம் முன்னப்பின்ன, வண்டி கிளம்பிவிடும்.

இதை நான் மாலதிக்கும் டிரைவருக்கும் சொன்னேன்.

"வெட்டுங்க மாமா" என்றாள் மாலதி. யோசிக்கவே இல்லை.

"கம்பெனியக் கேக்காம வெட்டக் கூடாதுங்க" என்றார் டிரைவர். "என் வேலை போயிருங்க. மோட்டாரைப் பிரிச்சே பாத்துருங்களேன்."

"எங்கப்பாவுக்கு ஒண்ணுன்னா உங்க கம்பெனியா வரும்?"

"இல்லைங்கம்மா. நான் அப்படிச் சொல்லலைங்க."

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க, அதுக்குள்ள நான் கயித்தை அவுக்கிறேன்" என்று டிரைவரை அனுப்பினேன். மாலதி மெஷினைப் பார்க்க வண்டிக்குள் ஏறினாள். மாடசாமி மரத்திலிருந்த கயிற்றை அவிழ்க்கப் போனார். நான் நடுக்கம்பை எடுக்கக் குனிந்தேன்.

"மச்சான்" என்றான் பெருமாள். சன்னமான குரல்.

"என்ன மாப்ளே."

"ரெண்டு வழின்னியே. எதுல லேட்டாகும்?"

"மோட்டாரைப் பிரிச்சா லேட்டாகும். சாயங்காலம் ஆயிரும்."

"அதையே பாரு."

நான் கம்பைப் பிடித்தபடி நின்றேன்.

"மாலதி கீழ கொண்டு போவணுங்கிறா மாப்ளே."

"போவோம். வேணாம்னா சொன்னேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கினான். "மேல வச்சுச் சாகக் குடுத்துட்டேனேன்னு காலம் பூரா தலையில அடிச்சுக்குவா. அவளுக்காகத்தான் வர்றேன். கீழ போயி எனக்கு என்ன இருக்கு. ஆசுபத்திரில கெடக்கணும். நீ கொஞ்சம் மெதுவாப் பாரு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

பிள்ளைகளா, இந்தத் தொழிலில் என்னிடம் வெரசா முடி என்று கேட்காத ஆள் இல்லை. மெதுவாகப் பார் என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

நான் அப்படிச் செய்திருக்கலாம். ஒருத்தரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. டிரைவர் கேட்பதும் அதைத்தான். மோட்டார் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, வரல, சிக்கியிருக்கு, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். நம்ம வேலை வெளி ஆளுக்குத் தெரியாது. எது லேட்டு, எது லேட்டாக்குவது என்று நமக்கு மட்டும்தான் தெரியும். மெக்கானிக்கின் கையில் இப்படி ஒரு அதிகாரம் இருக்கிறது. அன்றைக்கு அவன் எனக்கு எவ்வளவு வேண்டியவன், அவன் கேட்டது எவ்வளவு சின்னது என்பதையெல்லாம் நினைத்தபோது, அந்த அதிகாரம் எனக்குப் பயமாக இருந்தது.

அவனுக்கு என்ன வேணும் என்று அவன் சொல்லிவிட்டான். அவளுக்கு என்ன வேணும் என்று அவளும் சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்கும் கேட்க உரிமை இருக்கிறது. நடுவில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன உரிமை? அவளுக்குத் தெரியாமல் நான் மெதுவாகப் பார்த்தால், அவள் முகத்தைப் பார்த்தே அவளை ஏமாற்றினதாக ஆகும். அதுவும் அப்பன் உயிர் விஷயத்தில்.

"வெட்டத்தான் போறேன் மாப்ளே" என்றேன். "நீ கேக்குறதை அவகிட்ட கேளு. அவ சரின்னா நான் பையை மூடிட்டு உன் பக்கத்துல உக்காந்துக்குறேன். என்கிட்ட கேக்காத."

அவன் முகத்தில் கோபம் இல்லை.

"அவகிட்ட கேக்க முடிஞ்சா உன்கிட்ட எதுக்குடா கேக்குறேன்" என்றான்.

கம்பை எடுத்து ஓரமாகப் போட்டேன். பையில் இருந்த கத்தியை எடுத்தேன்.

டிரைவர் இறங்கி வந்தார். கம்பெனிக்காரர்கள் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்களாம். "எடுத்துக்கங்க, நல்லா எடுத்துக்கங்க" என்றேன். நாலு பக்கமும் நின்று எடுத்தார். பிறகு அவரே ஏணியைக் கொண்டுவந்து எனக்குப் பிடித்துக்கொண்டார்.

மாலதி கதவுக்கு வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். "வெரசாப் பண்ணுங்க மாமா" என்றாள்.

முறுக்கின கை முன்பக்கம், கதவுப் பக்கம் இருந்தது. யாராயிருந்தாலும் அங்கேயிருந்துதான் வெட்ட ஆரம்பிப்பார்கள். கெட்டதை முதலில் கழற்றுவதுதான் கைப்பழக்கம். ஆனால் பெருமாளின் நாற்காலி அதற்குக் கீழே இருந்தது. சாரல் நிற்கவில்லை. நான் ஏணியை வண்டியின் பின்பக்கத்துக்குக் கொண்டு போனேன். எங்கே ஆரம்பித்தாலும் நீளம் ஒன்றுதான், போல்ட்டும் ஒன்றுதான், ஆகிற நேரமும் ஒன்றுதான். பின்பக்கம் ஆரம்பித்தால் அவன் தலைக்கு மேல் இருக்கிற துணி கடைசியாகப் போகும். அவன் கேட்டதை நான் கொடுக்கவில்லை. எனக்குத் தோன்றிய இதை மட்டும் செய்தேன்.

ஏணியில் ஏறுகிறதுக்கு முன் மாலதியிடம் சொன்னேன். "ஆத்தா, சோறு இருந்தா அப்பனுக்கு ரெண்டு வாய் குடு. நீயும் கூட உக்காந்து சாப்பிடு."

"இப்பவா மாமா?"

"நீ நின்னாலும் உக்காந்தாலும் எனக்கு ஆகுற நேரம் ஒண்ணுதான்."

மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. உள்ளே போய் ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை ஒரு தட்டில் கொண்டுவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் மத்தியானம் கூட ஆகவில்லை. அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய்.

"உப்பு இல்ல" என்றான்.

"டாக்டர் சொல்லியிருக்காருப்பா."

"டாக்டரா திங்கிறாரு."

மாடசாமி சிரித்துவிட்டார். மாலதிக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

நான் வெட்டிக்கொண்டே வந்தேன். கெட்டித் துணி, ஈரம் வேறு, கத்தி வழுக்கியது. மாடசாமி கீழே நின்று விழுகிற துணியைச் சுருட்டினார். தன் முட்டுக்கம்பால் வந்தது என்று அவர் மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. "நான் அந்தக் கயித்தைக் கட்டாம இருந்துருக்கலாம்ணே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். "கட்டாம இருந்தா காத்து ராத்திரியே பிச்சிருக்கும்" என்றேன். அது உண்மைதான். பின்பக்கக் கையைக் கழற்றி டிரைவரும் அவரும் பிடித்து இறக்கினார்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிற கை அது. துணியை விடுவிக்காமல் போல்ட்டைத் தொட்டால் ஆளை அடித்துவிடும். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசித் துண்டுக்கு வந்தபோது கீழே பார்த்தேன். தட்டு காலியாகவில்லை. அவன் கண்ணை மூடவில்லை, சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாலதி அவன் முழங்காலில் தலையைச் சாய்த்து அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கத்தி ஓடவில்லை. ஒரு மூச்சு நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெட்டினேன். சாரல் அவன் மேல் விழுந்தது. நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டு போனோம்.

இறங்குகிற வழி முழுக்க நான் உள்ளே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பிளக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். வளைவில் அது கழன்றுவிடக் கூடாது. பெருமாள் படுத்தபடியே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வலது காலை லேசாக அழுத்துவான். பிரேக் போடுகிறான். டிரைவர் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனாலும் இவன் கால் இவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது. அடிவாரம் வந்ததும் அந்தக் கால் நின்றது.

உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள் இருந்தான். ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்ததால் பேச்சு இல்லை. நான் போனால் விரலை உயர்த்துவான். ஒரு விடியலில் போய்விட்டான். மாலதி செய்ய வேண்டியது எல்லாம் செய்தாள் என்று ஊரே சொன்னது. மலைக்கும் கூட்டிப் போனாள், கீழேயும் கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் காட்டினாள், அவன் நிம்மதியாகப் போனான் என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, கோயமுத்தூருக்குக் கிளம்புகிற அன்றைக்கு மாலதி பட்டறைக்கு வந்தாள். நீங்கள் இரண்டு பேரும் வெளிவேலைக்குப் போயிருந்தீர்கள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அன்னைக்கி மேல அப்பா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

மாடசாமி ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை என்று சொல்லிவிடலாம். நிம்மதியாகத்தான் இருந்தான் ஆத்தா, ரசத்தில் உப்பு இல்லை என்றான், அவ்வளவுதான் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. அழுது கண் வீங்கின பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?

ஆனால் வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததை இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கெட்டுப்போயிருக்கிறது என்றால் கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டாள். கேட்டவளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன். மெதுவாகப் பார் என்றது, அவளுக்காகத்தான் இறங்குகிறேன் என்றது, அவகிட்ட கேட்க முடிஞ்சா உன்கிட்ட எதுக்குடா கேக்குறேன் என்றது. எல்லாம்.

அவள் அழவில்லை. டீயைக் கீழே வைத்தாள்.

"நான் வண்டி சன்னல்கிட்டதான் நின்னேன் மாமா. எல்லாம் காதுல விழுந்துச்சு."

நான் அவளைப் பார்த்தேன்.

"விழுந்தும்தான் வெளிய வந்து உங்கள வெரசாப் பண்ணுங்கன்னேன். இருப்பா, இங்கயே இருன்னு சொல்ல வாய் வரல. சொல்லிரணும் சொல்லிரணும்னுதான் அவர் கால்ல சாஞ்சு உக்காந்திருந்தேன். நீங்க கடைசித் துண்டுக்கு வந்துட்டீங்க."

தெருவில் ஒரு ஜீப்பு போனது.

"தெரிஞ்சிக்கிட்டே எதுக்கு ஆத்தா என்கிட்ட கேட்ட?"

"எல்லாரும் அப்பா நிம்மதியாப் போனாருன்னே சொல்றாங்க மாமா. நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்களோன்னு பாத்தேன். அவரு அங்கயே இருக்க நெனச்சாருங்கறது எனக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதியா வச்சிக்கிட்டு என்னால ஊருக்குப் போவ முடியல."

அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. நீ செய்தது சரி என்று சொல்லத் தோன்றவில்லை, தப்பு என்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. கார்த்தி, வாணி, மேலே போய் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறபோது வெட்டுவதா பிரிப்பதா என்று அங்கே உள்ளதைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்கொள்வீர்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் உங்களிடம் எதையாவது சொன்னால், பிறகு கேட்கிறவர்களுக்கு அதை மாற்றாமல் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பஸ்சுக்கு நேரமானது. மாலதியின் பையை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டுவரை இரண்டு பேரும் நடந்தோம். ஏறி உட்கார்ந்ததும் சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மட்டுமில்ல, எனக்கும் தெரியும்ல ஆத்தா" என்றேன். "போயிட்டு வா."

சரி என்று தலையை ஆட்டினாள்.